பரம்பரை விதைக்காரர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் காய்கறி விதை நிறுவனத்தில் வாங்கினால் ஏமாற்றம் இருக்காது, அவர்களுக்குப் பெயர்தான் மூலதனம். கலப்படம், செத்த விதை எல்லாம் பெரிய கம்பெனிகள் வந்த பிறகு பிடித்த வியாதி. சரிதானே?"

பிப்ரவரி 3, இரவு

முன்பாதி பாதி சரி. பின்பாதி முழுத் தப்பு.

நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தவன். தாத்தா ஆரம்பித்தார், அப்பா வளர்த்தார், நான் இதுவரை கெடுக்காமல் வைத்திருக்கிறேன். செத்த விதையைக் கலப்பது பெரிய கம்பெனிகளின் கண்டுபிடிப்பு இல்லை. 1869-லேயே பிரிட்டனில் விதைக் கலப்படத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. அன்றைக்கு ஏது பன்னாட்டுக் கம்பெனி? அப்பா பெயரும் பிள்ளை பெயரும் பலகையில் எழுதிய கடைகள்தான் நிறைய.

அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். டர்னிப் விதை போலவே உருண்டையாக இருக்கும் மலிவான வேறொரு விதையை வாங்கி, சூடு காட்டிச் சாகடித்து, நல்ல விதையோடு கலப்பார்கள். அப்படியே கலந்தால் போதாதா, எதற்குச் சாகடிக்க வேண்டும்? உயிரோடு விட்டால் முளைத்து இலைவிட்டு, "நான் டர்னிப் இல்லை" என்று வயலில் நின்று சாட்சி சொல்லும். செத்தது வாய் திறக்காது. விவசாயி மழையைத் திட்டுவார், மண்ணைத் திட்டுவார், கடைசியில் தன் கைராசியைத் திட்டுவார். கடைக்காரர் பக்கம் யோசனையே போகாது.

அதே 1869-ல்தான் ஜெர்மனியில் தாரண்ட் என்ற ஊரில் ஃபிரீட்ரிக் நோபெ முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். குளோவர் தீவன விதையில் சாயம் ஏற்றிய மணலைக் கலந்து விற்ற காலம் அது. மணலுக்குச் சாயம்! இவ்வளவு பாடுபடுவதற்கு நல்ல விதையையே விற்றிருக்கலாம்.

பிப்ரவரி 4

"அப்படியானால் உங்கள் வீடு மட்டும் யோக்கியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

தாத்தா வைத்துவிட்டுப் போன விதி ஒன்றுதான். சந்தேகமான லாட்டை, அதாவது ஒன்றாக எடுத்து வைத்த விதைத் தொகுதியை, விற்காதே என்று அவர் சொன்னதில்லை. வைக்காதே என்பார். "இருந்தா வித்துருவோம்டா." தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். சரக்கு குறைந்திருக்கும், வாசலில் ஆள் நிற்பார், மூலையில் மூட்டை இருக்கும். அந்த நேரத்தில் மனசு எப்படியெல்லாம் கணக்குப் போடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் சந்தேகம் வந்த அன்றே குழி வெட்டி, விதையைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மூடிவிட வேண்டும். நாளைக்கு என்ற பேச்சே கிடையாது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு சுரைக்காய் லாட் அப்படிக் குழிக்குப் போனது. நீட்டுச் சுரை. விதைக்கு விட்டு, காயெல்லாம் கொடியிலேயே முற்றி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்து, உடைத்து எடுத்த விதை. ஒரு பதர் கிடையாது. முளைக்கப் போட்டிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தாராளமாக வந்திருக்கும். குறை விதையில் இல்லை, பக்கத்து வேலியில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு அந்த வேலியில் ஒரு கொடியைத் தாத்தா பார்த்துவிட்டார். அதில் இரண்டு குண்டுச் சுரை தொங்கியது. தானாக முளைத்த கொடி, யாரும் நடவில்லை. ஆனால் எங்கள் கொடி பூத்த அதே நாட்களில் அதுவும் பூத்திருக்கிறது. தேனீக்கு நீட்டும் தெரியாது, குண்டும் தெரியாது.

விதையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வாங்கியவர் வீட்டில் கொடி படர்ந்து, காய் இறங்கி, நீட்டும் இல்லாமல் குண்டும் இல்லாமல் நடுவாந்திரமாக ஒன்று தொங்கும்போதுதான் தெரியும். அதற்குள் எங்களுக்குக் காசு வந்து செலவாகியும் இருக்கும்.

அன்றைக்கு நான் அழுதேன். விதைக்காக இல்லை. விதை விற்றதும் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரி 5

சைக்கிள் வந்ததா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். விதையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்தது, இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் அந்த உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 7

குடும்பம் குடும்பம் என்கிறோமே, அதில் யாரைச் சேர்க்கிறோம்?

எங்கள் வீட்டில் முளைப்புச் சோதனை முழுக்க அத்தையின் பொறுப்பு. ஈரத்தாளில் நூறு நூறாக நான்கு தடவை, மொத்தம் நானூறு விதை. இன்றும் பரிசோதனைக் கூடங்களில் அதே கணக்குத்தான். தக்காளிக்கு ஐந்தாம் நாள் ஒருமுறை, பதினான்காம் நாள் ஒருமுறை எண்ண வேண்டும். வெங்காயத்துக்கு ஆறும் பன்னிரண்டும். அத்தை தலைமயிர் ஊசியின் முனையால் ஒவ்வொரு முளையையும் தள்ளித் தள்ளி எண்ணுவார். வேர் மட்டும் நீட்டிக்கொண்டு தளிர் சுருண்டு கிடப்பதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். "அது முளைக்கல, எட்டிப் பாத்துட்டுப் படுத்துக்கிச்சு" என்பார். அப்பா ஐம்பது மூட்டை விற்றாலும், விற்கலாமா கூடாதா என்று முடிவு செய்தது அந்த ஊசிதான். ஆனால் கடைக் கணக்கில் அத்தைக்குச் சம்பளமும் கிடையாது, பங்கும் கிடையாது. பலகையில் அவர் பெயர் ஒருநாளும் ஏறவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. உலகத்தின் பழைய விதைக் குடும்பங்களில் பேர்போனது பாரிஸின் வில்மோரின். 1743-ல் அந்தக் கடையைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிளோத் ஜெஃப்ருவா என்ற பெண். விதை வணிகத்தில் தேர்ந்தவர். கணவர் பியர் ஆந்த்ரியோ தாவரவியல் தெரிந்தவர், அரசருக்கு விதை கொடுத்தவர். இவர்கள் மகளைக் கட்டிய மருமகன்தான் வில்மோரின். கடைசியில் நிலைத்த பெயர் மருமகனுடையது. தொடங்கியவளின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் அந்தக் குடும்பம் சாதாரணமானது இல்லை. அவர்களில் லூயி த வில்மோரின் சர்க்கரைக் கிழங்கில் வேலை செய்து 1856-ல் ஒரு குறிப்பு வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: ஒரு செடி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்த்து அதை விதைக்கு விடாதே, அதன் பிள்ளைகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார், பிள்ளைகளை வைத்துத் தாயை மதிப்பிடு. மெண்டலின் பட்டாணிக் கட்டுரை வருவதற்குப் பத்து வருஷம் முன்னால். விதைக்கடைக்காரர் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 9: திருத்தம்

சுரைக்குத் தேனீயைக் குற்றவாளி ஆக்கியதை ஒருவர் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி. சுரைப்பூ வெள்ளை, விரிவது அந்தியில். இரவில் வரும் அந்துப்பூச்சிக்குத்தான் அதில் பெரும் பங்கு. தேனீயும் வருவதுண்டு, ஆனால் அதை மட்டும் சொன்னது பிசகு. வெள்ளரி, பூசணி, பீர்க்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சியைச் சொல்லிப் பழகிய வாய்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். நாங்கள் விற்கும் விதையெல்லாம் நாங்களே விளைவித்தது என்ற தோரணையில் எழுதியிருக்கிறேன். தாத்தா காலத்தில்கூட அப்படி இல்லை. விதைக்கென்று விளைவித்துத் தரும் ஆட்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஒரே வீடு பத்துக் காய்க்கு விதை எடுக்கவே முடியாது. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் கலந்துவிடும், வெங்காயத்துக்கு ஒரு கிலோமீட்டர் வரை விலக்கு வேண்டும். தக்காளி, பட்டாணி, லெட்டூஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கட்டிக்கொள்ளும், அவற்றில் தொல்லை குறைவு. மற்றபடி, நம்பி விற்கிறோம் என்றால் இன்னொரு வீட்டை நம்பித்தான் விற்கிறோம். பாக்கெட்டில் அந்த வீட்டின் பெயர் இருக்காது.

பிப்ரவரி 12

"மதிப்பு, மரபு என்று பேசுகிறீர்கள், கடையில் ஹைப்ரிட் விற்கிறீர்களே?"

விற்கிறோம், இரண்டு வேறு வரிசைச் செடிகளை இணைத்து எடுக்கும் கலப்பின விதைதான் அது. இதில் எனக்கு இரண்டு மனசு, மறைக்க ஒன்றுமில்லை.

கதையைத் தெரிந்துகொண்டு திட்டுங்கள். 1925-ல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹென்றி ஜோன்ஸ் ஒரு வெங்காயச் செடியைக் கவனித்தார். பையைக் கட்டி மூடியும் அது தனக்குத்தானே விதை கட்டவில்லை. பூவின் ஆண்பாகம் மலடு, மகரந்தம் இல்லை. பூக்கொத்திலேயே குட்டிக் குமிழ்கள் வந்தன, அவற்றை நட்டுத்தான் அந்த ஒற்றைச் செடியைக் காப்பாற்றினார். வெங்காயப் பூங்கொத்தைப் பக்கத்தில் பார்த்தவருக்குத் தெரியும், நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆண்பாகத்தைக் கிள்ளி ஹைப்ரிட் செய்ய யாராலும் முடியாது. கிள்ளவே தேவையில்லாத செடி கிடைத்ததும் வழி திறந்துவிட்டது.

ஹைப்ரிட்டில் விஷம் ஒன்றும் இல்லை. முதல் தலைமுறையில் செடியெல்லாம் ஒரே வார்ப்பாக வரும். அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் குணம் பிரிந்துவிடும். அதனால் வாங்கியவர் ஒவ்வொரு பருவமும் திரும்பக் கடைக்கு வந்தாக வேண்டும். இது செடிக்குப் போட்ட பூட்டு, சாவி தாய்-தந்தைச் செடிகளின் வரிசையை வைத்திருப்பவரிடம். கடைக்காரனாக எனக்கு இது சௌகரியம். தாத்தா இதை வெறுத்தார் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், முதல் ஹைப்ரிட் தக்காளியைப் பார்த்ததும் அவர் கேட்டது, "இதுக்கு அப்பன் யாரு, நமக்குக் கிடைக்குமா?"

நாங்கள் கடைப்பிடிப்பது ஒன்று உண்டு. விதை எடுக்கலாமா கூடாதா என்று பாக்கெட்டிலேயே எழுதிவிடுவோம். கேட்டால், எப்படி எடுப்பது என்றும் சொல்வோம். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பிப்ரவரி 13

குடும்பம் விற்றுவிட்டால் மதிப்பும் போய்விடுமா என்பது நல்ல கேள்வி. அமெரிக்காவின் பர்ப்பி குடும்பம் விதைக் கம்பெனியை 1876-ல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது, 1970-ல் ஒரு உணவுக் கம்பெனிக்கு விற்றது. வில்மோரின் 1975-ல் லிமாக்ரேனிடம் போனது. லிமாக்ரேன் யார்? விவசாயிகளின் கூட்டுறவு. விதை வாங்குகிறவர்கள் விதைக்கடையை வாங்கிய மாதிரி.

எனக்குப் பிடித்தது சைமன் க்ரூட் கதை. நெதர்லாந்தில் ஆறாம் தலைமுறை விதைக்காரர். குடும்பக் கம்பெனி 1981-ல் கைமாறியது. மறு வருஷமே பிலிப்பைன்ஸுக்குப் போய், அங்கே விதை வியாபாரம் செய்துகொண்டிருந்த பெனிட்டோ டொமிங்கோவோடு சேர்ந்து, வெப்ப நாட்டுச் சிறு விவசாயிகளுக்காக ஈஸ்ட்-வெஸ்ட் சீட் தொடங்கினார். பெரிய கம்பெனிகள் திரும்பியும் பார்க்காத பாகல் அவர்கள் முதலில் கையில் எடுத்த பயிர்களில் ஒன்று. 2019-ல் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான். ஐந்து தலைமுறையின் பெயர்ப்பலகை போய்விட்டது. தொழில் தெரிந்த ஆள் போகவில்லை.

பிப்ரவரி 17, தூக்கம் வராமல்

பிப்ரவரி 4-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரொம்ப மினுக்கியிருக்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இத்தனை எழுதியதற்கும் அர்த்தமில்லை.

கடையை நான் பொறுப்பெடுத்த இரண்டாம் வருஷம். போன வருஷ வெங்காய விதை மிஞ்சியிருந்தது. வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு. சாதாரணக் கிடங்கில் ஒரு வருஷம் போனாலே சோர்ந்துவிடும். சோதித்தால் ஐம்பது. புது லாட் தொண்ணூறு. லேபிளில் போட வேண்டியது குறைந்தது எழுபது. சரிபாதி கலந்தால் எழுபது! பள்ளிக்கூடக் கணக்கு. பொய் இல்லை, கலப்படம் இல்லை, இரண்டும் ஒரே ரகம், இரண்டும் எங்கள் விதை. கலந்து சோதித்தேன், எழுபத்தொன்று வந்தது. விற்றேன்.

சராசரி சரி. நாற்றங்கால் சராசரியாக முளைப்பதில்லை. புது விதை ஆறாம் நாளே நிமிர்ந்துவிடும், பழசு பத்துப் பன்னிரண்டு நாள் இழுக்கும். முன்னால் வந்தது பின்னால் வந்ததை அமுக்கும். பாதி நாற்று தடித்தது, பாதி நூல். புகார் சொல்ல வந்தவர் எங்களோடு இருபது வருஷப் பழக்கம். ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து மேஜையில் பரப்பினார். சத்தம் போடவில்லை. "தம்பி, இது ரெண்டு வயசு விதை" என்றார். அவ்வளவுதான்.

பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் நாங்களும் போட்டிருக்கிறோம், எங்கள் பொறுப்பு விதையின் விலையோடு முடிந்தது என்று. இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள வாசகம் அது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதைக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். போன பருவத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அப்பா திட்டவில்லை. மிச்சத்தைக் குழியில் கொட்டினீர்களா என்று மட்டும் அத்தை தொலைபேசியில் கேட்டார்.

பிப்ரவரி 18

ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம். திட்டியவர்களுக்கு: சரி.

பிப்ரவரி 22

இந்த இழைக்காகவே தாத்தாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். எதையோ தேடினேன், வேறொன்று கிடைத்தது. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்துப் பக்கம். கத்தரி விதை. அவர் கையெழுத்து. "பழசு 2 படி, புதுசு 3 படி, சேர்த்தேன்." அடுத்த வரி வேறு மையில்: "சேர்த்திருக்கக் கூடாது." அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"இருந்தா வித்துருவோம்டா" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. முப்பது வருஷமாக அதை அவருடைய குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தழும்பு.

இதில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஷேக்கர் என்ற துறவுச் சமூகத்தார் சிறு காகிதப் பொட்டலங்களில் காய்கறி விதை விற்றுப் பேர் எடுத்தவர்கள். 1819-ல் அவர்களின் சில குடியிருப்புகள் சேர்ந்து கையெழுத்திட்டன: வெளியாரிடம் விதை வாங்கித் தங்கள் விதையோடு கலந்து விற்பதில்லை என்று. யாரும் செய்யாத ஒன்றை யாரும் எழுதித் தடுக்க மாட்டார்கள். அங்கேயும் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 26

வீட்டில் மிஞ்சிய விதையை எப்படி வைப்பது என்று தனியாகக் கேட்டவருக்கு இங்கேயே சொல்கிறேன். ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானியின் கைக்கணக்கு உண்டு: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் ஐந்து டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பு. எல்லைக்கு உட்பட்டதுதான், ஓடுபோல் காயவைக்கக் கூடாது. முதலில் காயவைத்து, பிறகு காற்றுப் புகாத புட்டியில், பிறகு குளிரில். வரிசையை மாற்றி ஈரத்தோடு மூடினால் புட்டிக்குள் ஊறுகாய்.

தக்காளிக்கு: விதையைச் சுற்றியுள்ள வழவழப்போடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம். நான்காம் நாளும் மறந்தால் புட்டியிலேயே முளைவிட ஆரம்பிக்கும். இது அனுபவம்.

மார்ச் 1

தடம் மாறுகிறது, தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பர்ப்பியின் மகன் டேவிட், முழு வெள்ளைச் சாமந்திக்கு, அதாவது துலுக்கச் சாமந்திக்கு, 1954-ல் பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்தார். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். பரிசு கொடுத்தது 1975-ல். வாங்கியவர் விஞ்ஞானி இல்லை, ஐயோவாவைச் சேர்ந்த ஆலிஸ் வாங்க் என்ற தோட்டக்கார அம்மா. வருஷா வருஷம் இருப்பதிலேயே வெளிறிய பூவை விதைக்கு விட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் இதைச் சொன்னேன். "அந்தம்மா எத்தனை மஞ்சளைத் தூக்கிப் போட்டிருப்பா" என்றார் அத்தை.

மார்ச் 8

இந்த வருஷ வெங்காய லாட் சோதனையில் இருக்கிறது. ஆறாம் நாள். முதல் மூன்று தாளிலும் எண்பதைத் தாண்டிவிட்டது. நான்காவது மந்தம்.

மார்ச் 14

பன்னிரண்டாம் நாள். 88, 90, 87, 61. சராசரி எழுபதைத் தாராளமாகத் தாண்டுகிறது. லேபிள் அடிக்கலாம். ஆனால் நான்கு தாளுக்குள் இவ்வளவு இடைவெளி இருந்தால் சோதனையே செல்லாது, விதியும் அதைத்தான் சொல்கிறது. அத்தைக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"நாலாவது தாள்ல தண்ணி நிக்குதுடா. மூச்சு முட்டியிருக்கும். இல்ல மூட்டைக்கு அடியில எடுத்த விதையா?"

தெரியவில்லை என்றேன்.

"அப்ப மறுபடி போடு. இந்தத் தடவை மூட்டைக்கு மூட்டை தனியா எடு. அதுவரைக்கும் ஒரு பாக்கெட்டும் கட்டாதே."

இன்று காலை மறுபடி போட்டிருக்கிறேன்.